நிலம் நடுங்கும் நாட்டில் இரு பேராசிரியர்கள்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது தமிழர் மரபு. தன்னை வெட்டுவோரையும் சுமந்து நிற்கும் அதன் பெருந்தன்மையை வள்ளுவர் எடுத்துக்காட்டினார். அவர் வழியில் ஆசிரியர்களாகிய நாமும் வகுப்பறையில் ஆண்டுதோறும் எடுத்துக்காட்டி வருகின்றோம். யப்பானியர் இவ்வுவமையை ஒப்புக்கொள்வார்களோ என்பது ஐயமே. நிலத்தின் கீழே பெரிய கெளிற்று மீன் ஒன்று கிடக்கின்றதென்றும், காசிமா என்னும் தலத்துத் தெய்வம் அதன் தலைமேற் கல்லை ஊன்றி அதனை அடக்கி வைத்திருக்கின்றதென்றும், தெய்வம் சற்று அயர்ந்தால் மீன் வாலை அடிக்குமென்றும் அவர்களுடைய பழங்கதை கூறும். ஆதிசேடன் தலை மாற்றும்போது பூமி அதிரும் என்று நம் பாட்டிமார் சொன்ன கதைக்கு இது ஒன்றுவிட்ட உறவு போலும். ஆனால், நம் பக்கத்துத் தலையை ஆதிசேடன் மிக அரிதாகவே அசைக்கின்றான். யப்பானிலோ மனிதர் உணரத்தக்க அதிர்ச்சிகள் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் நிகழ்கின்றன.

1855ஆம் ஆண்டில் இன்றைய தோக்கியோவாகிய எடோ நகரைப் பூமியதிர்ச்சி தகர்த்தபின், அந்த மீனைப் பற்றிய வண்ணப் படங்கள் தெருத்தெருவாக விற்பனையாயின. ஒரு படத்தில் நகரமாந்தர் எல்லோரும் கூடி மீனைப் புடைக்கின்றனர். இன்னொன்றில் தச்சரும் கொத்தரும் அதற்கு விருந்து வைக்கின்றனர். வீடுகள் இடிந்தமையால் அவர்களுக்கு வேலை பெருகியதல்லவா? துயரத்தின் நடுவிலும் உண்மையைச் சொல்லிச் சிரிக்கத் தெரிந்த மக்கள்.

பூமியதிர்ச்சியை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் என்ற உத்தியோகம் உலகில் முதன்முதல் உண்டானது இந்நகரத்திலேதான். 1886இல் செக்கியா என்பவர் அப்பதவியைப் பெற்றார். அவருக்குப் பின்வந்த இருவர் ஒரே கூரையின் கீழ் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்து, ஒரே கேள்விக்கு எதிரெதிரான விடைகளைக் கூறினர். அறிந்தது பாதியாகவும் அறியாதது பாதியாகவும் இருக்கையில் அறிஞன் ஊருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதே அக்கேள்வி. அவர்கள் வாழ்ந்து வாதிட்ட இடங்களைக் காணும் வாய்ப்பு சென்ற ஆண்டு விடுமுறையில் எனக்குக் கிடைத்தது.

முதலிற் சென்றது உவேனோப் பூங்காவிலுள்ள விஞ்ஞான நூதனசாலைக்கு. வானிலிருந்து நோக்கினால் ஆகாய விமானம்போலத் தோன்றும்படி அமைக்கப்பட்ட அதன் பழைய கட்டடம், 1923ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின் எழுந்தது. அங்கே கண்ணாடிப் பேழையொன்றுள் ஜோன் மில்ன் என்னும் ஆங்கிலேயர் அமைத்த பதிகருவி இருக்கின்றது. பார்ப்பதற்கு அதிற் பெருமை ஒன்றுமில்லை. ஆயினும் அதன் தத்துவத்தை யாழ்ப்பாணத்து மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சற்றே சாய்ந்த தூணில் மாட்டிய படலையை இலேசாகத் தட்டிவிட்டால், அது நெடுநேரம் மெல்ல ஆடி ஆடி ஒரு நிலையில் வந்து நிற்கும். மில்னின் கருவியும் அத்தகைய படலையே. நிலம் விரைந்து அசையும்போது தூண் அசையும். படலையின் பாரமோ அசைய மறுத்துப் பின்தங்கும். அந்த வேறுபாட்டை ஒளிக்கதிரொன்று நகரும் படத்தாளில் எழுதிவிடும். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள நடுக்கத்தையும் வீட்டிலிருந்தே அறியும் வழி இவ்வாறு பிறந்தது.

மில்ன் சுரங்கவியலும் புவிச்சரிதவியலும் கற்பிக்க 1876இல் யப்பானுக்கு வந்தவர். கப்பற் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாமையால் சைபீரியா வழியாகத் தரைமார்க்கமாகவே மாதக்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்ந்தார். 1880 பெப்ரவரி 22இல் யொக்கஹாமா அதிர்ந்தபின், உலகின் முதலாவது பூமியதிர்ச்சி ஆராய்ச்சிச் சங்கத்தை அமைக்க முன்னின்றார். 1895இல் யப்பானிய மனைவியுடன் தாயகம் திரும்பி, வைற் தீவிலுள்ள சைட் என்னும் சிற்றூரில் இருந்துகொண்டு, உலகெங்கும் தம் கருவிகளை நிறுவச்செய்து அவற்றின் பதிவுகளைத் திரட்டினார். அவ்வரிசையிற் கோடைக்கானலும் கொழும்பும் இடம்பெற்றிருந்தன என்பது நம் வாசகர்கள் அறியவேண்டிய செய்தி.

உவேனோவிலிருந்து ஹொங்கோ நடந்து செல்லத்தக்க தூரமே. தோக்கியோப் பல்கலைக்கழகம் அங்கே உள்ளது. 1827இல், செல்வாக்கு மிக்க பிரபுவொருவரின் மாளிகைக்குச் சோகுனின் மகள் மணமகளாக வந்தபோது கட்டிய செந்நிற வாயில் இன்றும் நிற்கின்றது; அதனூடாகத் துவிச்சக்கரவண்டிகளில் மாணவர் போகின்றனர். உள்ளே கிங்கோ மரங்கள் இருமருங்கும் மஞ்சளாய் உதிர்ந்துகொண்டிருந்தன. மரங்களுக்கிடையே நடக்கும்போது அக்காலத்துப் பூமியதிர்ச்சிப் பகுதியின் மரக்கட்டடத்தை மனத்தாற் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஓமோரி பூசாக்கிச்சி 1868இல் பிறந்தவர். இமமுரா அக்கித்சுனே அவரினும் இரண்டு வயது இளையவர். தெற்கே ககோசிமாவைச் சேர்ந்தவர். இமமுரா பல்கலைக்கழகம் புகுந்தது 1891இல். அவ்வாண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி நடு யப்பானில் நோபிச் சமவெளி அதிர்ந்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நேயோப் பள்ளத்தாக்கில் வயலொன்றின் நடுவே நிலம் வெடித்து, ஒரு பக்கம் ஆறு மீற்றர் உயர்ந்து நின்றது. இளைஞரான ஓமோரி அதன் பின்னதிர்ச்சிகளை எண்ணத் தொடங்கினார். நாளுக்கு நாள் அவை எவ்வாறு குறைகின்றன என்று கணக்கெடுத்தவர், 1894இல் ஒரு விதியை வெளியிட்டார். முதல் நாளில் நூறு அதிர்ச்சியாயின் இரண்டாம் நாளில் ஏறக்குறைய ஐம்பது. பத்தாம் நாளிற் பத்து. நூறாம் நாளில் ஒன்று. சென்ற நாட்களின் தொகையால் வகுத்தால் வருவது எஞ்சிய நடுக்கம். இவ்வளவு எளிய கணிதம் இவ்வளவு காலம் நிலைத்தது வியப்பே. அதற்குப் பிற்காலத்தார் சிறிது திருத்தம் செய்தனர். எனினும், இன்றும் பேரதிர்ச்சிக்குப் பின் மக்கள் எத்துணை நாள் அஞ்ச வேண்டும் என்று கணிப்போர் ஓமோரியின் பெயரைச் சொல்லியே தொடங்குகின்றனர்.

ஓமோரி அளப்பதில் ஆராத விருப்புடையவர். ஆலைப் புகைபோக்கி, கோயிற் கோபுரம், புகையிரதப் பாலம் எல்லாவற்றினதும் அசைவை அளந்தார். எங்கே நிலம் அதிர்ந்தாலும் அங்கே சென்றார். 1905இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா, 1906இல் சான் பிரான்சிஸ்கோ, 1908இன் அழிவுக்குப் பின் இத்தாலியின் மெசீனா. சான் பிரான்சிஸ்கோவில் அவர் இடிபாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, யப்பானியரை வெறுத்த தெருப்பையன்கள் கல்லெறிந்தனர். அவரோ அதனைப் பெரிதுபடுத்தாது தம் வேலையைத் தொடர்ந்தார். அந்நகருக்கு இனி ஐம்பது ஆண்டுக்கு இத்தகைய கேடு வராது என்று அவர் கூறிய சொல், இடிந்த வீட்டைக் கட்டத் தயங்கியோருக்கு ஆறுதலாயிற்று. ஆறுதல் சொல்லும் இயல்பு அவரிடம் இருந்தது. பின்னால் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இதனை நினைவில் வைத்தல் நன்று.

இமமுரா வேறு வார்ப்பு. 1896இல் வடகீழ்க் கரையாகிய சன்ரிக்குவைச் சுனாமி விழுங்கி ஏறக்குறைய 22,000 பேர் இறந்தனர். அதன் காரணத்தை அறிஞர் பலவாறு கூறிய வேளையில், கடலடி நிலமே உயர்ந்து தாழ்வதால் நீர் தள்ளப்படுகின்றது என்று 1899இல் எழுதினார் இமமுரா. இன்று பாடசாலைப் புத்தகங்கள் கூறுவதும் அதுவே. இத்தகைய மூளை படைத்தவர் 1901 முதல் துணைப் பேராசிரியர். சம்பளம் மட்டும் இல்லை! படைத்துறைப் பாடசாலையிற் கணிதம் கற்பித்து வயிறு வளர்த்து, மற்ற நேரத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். இந்நிலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஓமோரி பேராசிரியர், அவர் இளமையிலேயே அப்பதவிக்கு வந்துவிட்டமையால், அடுத்தவருக்கு இடமில்லை. கல்விக்கூடங்களில் வேலை பார்ப்போருக்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1905ஆம் ஆண்டில் ‘தையோ’ என்னும் சஞ்சிகையில் இமமுரா ஒரு கட்டுரை எழுதினார். எடோவைப் பேரதிர்ச்சிகள் தாக்கிய ஆண்டுகள் 1649, 1703, 1855. சராசரி இடைவெளி நூறாண்டு. கடைசி அதிர்ச்சி நிகழ்ந்து ஐம்பது ஆண்டாயிற்று. ஆகவே அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் இன்னொன்று வாராது என்று எவரும் உறுதி கூற முடியாது. இது அவர் வாதத்தின் முற்பகுதி. பிற்பகுதியே முக்கியமானது. நகரம் மரத்தாலும் கடதாசியாலும் ஆனது. வீடுதோறும் மண்ணெண்ணெய் விளக்கு எரிகின்றது. நிலம் அதிர்ந்து நீர்க்குழாய்கள் உடைந்தால் தீயை அணைக்க வழியில்லை. அந்நிலையில் ஒரு லட்சம், ஏன், இரண்டு லட்சம் பேர்கூட மாளலாம். ஆதலால் மண்ணெண்ணெய் விளக்கை ஒழித்து மின்விளக்கை ஏற்றுங்கள் என்பது அவர் வேண்டுகோள்.

மின்விளக்கைப் பற்றிய பகுதியைப் பத்திரிகை எதற்குப் போடும்? 1906 சனவரியில் தினசரியொன்று மாண்டோர் தொகையை மட்டும் எடுத்து, தோக்கியோ அழியுமென்று பேராசிரியர் தீர்க்கதரிசனம் கூறியதாகப் பெரிய எழுத்திற் போட்டது. இமமுரா மறுப்பு எழுதினார், ஒருவாறு அடங்கிற்று. ஆனால், அடுத்த மாதம் நகரம் உண்மையாகவே சற்று அதிர்ந்தது. யாரோ அரசாங்க அலுவலகத்தின் பெயரால் தொலைபேசியிற் பொய்ச் செய்தி பரப்பினர். மக்கள் பாய் படுக்கையுடன் வெளியே ஓடினர். அப்பொழுதுதான் ஓமோரி எழுந்தார். அதே சஞ்சிகையில், தோக்கியோவுக்குப் பேரதிர்ச்சி வரப்போகின்றதென்பது அடிப்படையற்ற வதந்தி என்று எழுதித் தம் துணைவரின் கட்டுரையைக் கண்டித்தார். மக்கள் அமைதியடைந்தனர். இமமுரா பொய்யர், புளுகர் என்று பெயரெடுத்தார். 1915இல் அயல் மாகாணத்திற் சிற்றதிர்ச்சிகள் தொடர்ந்து வந்தபோதும், ஓமோரி ஊரில் இல்லாத வேளையில் நெருப்பிற் கவனமாயிருங்கள் என்று சொல்லப்போய், மீண்டும் கடிந்துகொள்ளப்பட்டார்.

ஓமோரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. பலர் அவ்வாறு செய்துமிருக்கின்றனர். அது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று ஆண்டுகளை வைத்துச் சராசரி எடுப்பது விஞ்ஞானமாகாது என்று அவர் கண்டது சரியே. உயர்வகுப்பு மாணவனும் அதனைச் சொல்வான். அச்சத்தால் ஓடும் கூட்டமும் உயிரைக் கொல்லும் என்பதும் உண்மையே. அவர் தவறியது வேறோரிடத்தில். வருமென்பதற்கு ஆதாரம் போதாது என்று நிறுத்தாமல், வாராது என்ற பொருள்படப் பேசிவிட்டார். பேராசிரியர் வாராதென்றபின் மண்ணெண்ணெய் விளக்கை எவர் மாற்றுவார்?

இத்தகைய உறுதிமொழியின் விலையை இமமுராவின் சொந்த மாகாணம் முன்னரே கொடுத்திருந்தது. 1914 சனவரியில் சக்குராசிமா எரிமலைத் தீவில் கிணற்று நீர் கொதித்தது. நிலம் ஓயாது நடுங்கிற்று. ஊர்த்தலைவர் வானிலை நிலையத்தைக் கேட்டார். மலை வெடிக்காது என்று விடை வந்தது. கிழவர்களின் சொல்லைக் கேட்டவர் முன்னரே படகேறினர். நிலையத்தின் சொல்லை நம்பியவர் 12ஆந் திகதி மலை வெடித்தபோது குளிர்கடலில் நீந்த நேர்ந்தது. பின்னர் அவ்வூரார் பாடசாலை வளவிலே ஒரு கல்லை நாட்டி, கோட்பாட்டை நம்பியிராமல் அறிகுறி கண்டதும் புறப்படுங்கள் என்ற கருத்தை அதிற் பொறித்தனர். கல்விக்கூடத்து முற்றத்தில் அத்தகைய கல் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

1923 செப்டெம்பர் முதலாந் திகதி, சனிக்கிழமை, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. இமமுரா ஹொங்கோவிலே தம் அறையில் இருந்தார். நிலம் அசைந்தது. அவர் வழக்கப்படி விநாடிகளை எண்ணத் தொடங்கினார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணி மேகத்தின் தூரத்தை நாம் கணிப்பதில்லையா? பூமியதிர்ச்சியிலும் விரைவாக வரும் சிற்றதிர்வு ஒன்றும், அதன்பின் மெதுவாக வரும் பேரதிர்வு ஒன்றும் உண்டு. இடையே ஒவ்வொரு விநாடிக்கும் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் தூரம். இவ்வழியைச் செம்மைப்படுத்தியவர் ஓமோரியே. எண்ணிக்கொண்டிருக்கையிற் பேரதிர்வு வந்தது. ஓடுகள் சரிந்தன. இமமுரா இருந்த இடத்தை விட்டெழாமல் நடந்ததை அவதானித்தார் என்று அவருடைய குறிப்புக்கள் காட்டுகின்றன. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியது அப்பொழுது தம் காலடியில் நிகழ்ந்தது.

மதிய உணவு நேரமாதலால் வீடுதோறும் கரியடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நோட்டோ தீபகற்பத்தின் பக்கமாகச் சென்ற புயலின் காற்று நகரிலே பலமாக வீசிற்று. நீர்க்குழாய்கள் உடைந்துவிட்டன. தீ ஏறக்குறைய இரண்டு நாள் எரிந்தது. தோக்கியோவிலும் யொக்கஹாமாவிலும் அயலிலும் மாண்டும் மறைந்தும் போனோர் ஏறக்குறைய 1,05,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலாரைக் கொன்றது நிலமன்று, நெருப்பு. இமமுராவின் கணக்கைத் தினசரி எழுதியபோது நகைத்தவர்கள் எத்தனை பேர் அந்தத் தொகையுள் அடங்கினரோ!

றியோகொக்குப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் பருத்த மற்போர் வீரர்கள் எதிர்ப்படுவார்கள். அவர்களுடைய அரங்கம் அங்கே உள்ளது. அதைக் கடந்து சிறிது தூரம் சென்றால் யொக்கோஅமிச் பூங்கா. முன்பு படைவீரரின் உடை தைக்கும் சாலை இருந்து, அகற்றப்பட்டு, 1923இல் வெறும் வெளியாய்க் கிடந்த இடம் இது. வெளியென்று கண்டு பல்லாயிரவர் அங்கே புகலடைந்தனர். வந்தவர்கள் பாய், மெத்தை, பெட்டி, அலுமாரி எல்லாவற்றையும் வண்டிகளிற் கொண்டுவந்தனர். பிற்பகல் நான்கு மணியளவில் மூன்று பக்கமும் சூழ்ந்த தீ சுழற்காற்றாய் எழுந்து அந்த வெளியிற் புகுந்தது. பொருள்களே விறகாயின. ஏறக்குறைய 38,000 பேர் அவ்வோரிடத்தில் மடிந்தனர்.

இப்பொழுது அங்கே 1930இல் கட்டிய மண்டபம் ஒன்றுளது. முன்னே புத்த கோயிலின் சாயல். பின்னே மூன்றடுக்குக் கோபுரம். 1945 மார்ச்சிலே ஆகாயக் குண்டுவீச்சில் மாண்டோரின் அஸ்தியும் பின்னர் அங்கேயே வைக்கப்பட்டது. இருவகையினரும் சேர்ந்து 1,63,000 பேரளவில். பக்கத்து நூதனசாலையிலும் வெளியிலும் உருகி ஒன்றாய் ஒட்டிக்கொண்ட ஆணிகளும், வளைந்து சுருண்ட இரும்பும் வைத்திருக்கின்றனர். நாமறிந்த அடுக்களைப் பொருள்கள் நாமறியாத உருவில் இருப்பதைக் காணும்போது பேச்சு எழுவதில்லை.

பூங்காவின் ஒரு புறத்தில் இன்னுமொரு கல் உண்டு, 1973இல் நாட்டியது. நடுக்கத்தின் மறுநாள்களில், கொரியர் கிணற்றில் நஞ்சிட்டனர், தீ வைத்தனர் என்ற வதந்தி பரவிற்று. ஊர்க்காவற் கூட்டத்தார் தடியும் வாளும் கொண்டு தெருவில் நின்று, வருவோரின் உச்சரிப்பைச் சோதித்தனர். ஆயிரக்கணக்கான கொரியர் கொல்லப்பட்டனர். ஓமோரி 1906இல் அஞ்சியது இத்தகைய கூட்டத்தைத்தான். ஆனால், அக்கூட்டம் அறிஞனின் எச்சரிக்கையால் எழவில்லை. நம்பத்தக்க செய்தி எதுவும் கிடையாத இருளிலேதான் எழுந்தது.

அந்த நண்பகலில் ஓமோரி எங்கே இருந்தார்? பசிபிக் விஞ்ஞான மகாநாட்டுக்காக அவுஸ்திரேலியா சென்றிருந்தார். சிட்னியில் றிவர்வியூக் கல்லூரியின் ஆய்வகத்தில் இயேசு சபைக் குருவான பிகொட் சுவாமியார் பதிகருவிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி அசைந்தது, அசைவு பெருகிற்று. தோக்கியோவில் எழுந்த அலை பூமியின் உட்புறத்தைக் கடந்து அங்கே வர ஏறக்குறைய 11 நிமிடம் செல்லும். எவ்வளவு தூரம் என்று கணிக்க ஓமோரிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தன் ஊர் அழிவதைத் தானே பதிந்த கோட்டில் வாசிக்கும் ஊழ் வேறெந்த அறிஞனுக்கும் நேர்ந்ததாக நான் படித்ததில்லை.

உடனே கப்பலேறினார். வழியில் மூளைக்கட்டியால் நோய் முற்றிற்று. ஒக்டோபர் 4ஆந் திகதி யொக்கஹாமாவில் அவரை எதிர்கொண்டவர்களில் இமமுராவும் ஒருவர். இவ்வழிவில் தமக்குப் பெரும்பொறுப்பு உண்டென்றும், நகரத்தின் நீர்க்குழாய்களைச் சீர்செய்ய வேண்டுமென்று தாம் முன்பே வற்புறுத்தியதை எண்ணித் தேறுவதாகவும் ஓமோரி அவரிடம் கூறினாராம். நவம்பர் 8ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். இமமுரா பேராசிரியரானார். முதன்முறையாகச் சம்பளமும் வந்தது.

ஹொங்கோவிற் பார்த்த நூலகத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பழைய நூலகம் அத்தீயில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களுடன் எரிந்தது. இருக்கு வேதத்தைச் சாயனர் உரையுடன் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் மறைந்தபின், அவருடைய சொந்த நூல்களை யப்பானியர் விலைக்கு வாங்கி அங்கே வைத்திருந்தனர், அவையும் சாம்பலாயின. இன்று நிற்கும் கட்டடம் அமெரிக்கச் செல்வர் ரொக்பெல்லர் அளித்த 40 லட்சம் யென்னால் 1928இல் நிறைவேறியது. அதன் படிகளிற் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்தார் நூலகம் எரிந்த கதையைக் கேட்டுவிட்டு எளிதில் எழுந்து போக முடிவதில்லை.

வென்றவராய் ஓய்ந்திருக்க இமமுராவால் இயலவில்லை. 1707, 1854 என்னும் ஆண்டுகளில் தென்மேற்குக் கரையைத் தாக்கிய நங்காய் நடுக்கங்களின் ஏடுகளைப் புரட்டி, அடுத்த கேடு அங்கே என்று முடிவுசெய்தார். 1928இல் தனிப்பட்ட முயற்சியால் வக்கயாமாவில் ஆய்வுநிலையம் அமைத்தார். 1931இல் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் அக்கரையின் ஊர்தோறும் சொல்லிவந்தார். நிலமட்டத்தை மீண்டும் மீண்டும் அளக்கும்படி படைத்துறை நிலவளவைப் பகுதியை விடாது கேட்டார்.

1944 டிசம்பர் 7ஆந் திகதி, போரின் நடுவே, தோநங்காய் நடுக்கம் வந்தது. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தனர். அவர்களில் விமானத் தொழிற்சாலைகளில் வேலைக்கு அனுப்பப்பட்ட பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தனர். பகைவர் அறிந்துவிடுவர் என்று பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. அன்று காலையிற்கூட, இமமுராவின் வேண்டுகோளின்படி ககேகவா என்னும் ஊரில் நிலமட்டம் அளந்துகொண்டிருந்தனர். அளவுகள் முன்னாளுடன் ஒத்துவராமல் சில மில்லிமீற்றர் பிசகின. நடுக்கத்துக்கு முன்னறிவிப்பு இதுவே என்று பிற்காலத்தார் எண்ணி, அதை நம்பி 1978இல் ஒரு சட்டமும் இயற்றினர். 2017இல் அரசாங்கம், நாளும் நேரமும் குறித்து உறுதியாய் முன்கூறல் இயலாது என்று ஒப்புக்கொண்டது. அந்த மில்லிமீற்றர்கள் யாது கூறின என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர்.

இரண்டு ஆண்டு கழிய, 1946 டிசம்பர் 21 விடியற்புறத்தில் நங்காய்க் கரை முழுவதும் அதிர்ந்தது. சுனாமியும் வந்தது. 1,300க்கு மேற்பட்டோர் மாண்டனர். இமமுராவுக்கு அப்பொழுது 76 வயது. 1948ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் காலமானார்.

அவர் நெடுங்காலம் எண்ணியிருந்த அக்கரையைக் காணாது திரும்ப மனமின்றி, ஒசாக்காவிலிருந்து தெற்கே புகையிரதம் ஏறினேன். தோடைத் தோட்டங்கள் நிறைந்த மலைச்சரிவுகளையும் இடையிடையே கடலையும் காட்டிச் செல்லும் பாதை அது. யுவாசா நிலையத்தில் இறங்கினால் சோயாச் சாறு காய்ச்சும் பழைய வீதிகள், அடுத்தது ஹிரோகவா. 1854 டிசம்பரில் கடல் இரவிலே ஊருக்குள் ஏறியபோது, ஹமகுச்சி கொரியோ என்னும் வணிகர் வயலில் அடுக்கியிருந்த வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டு, இருளில் தத்தளித்தவர்களுக்கு மேட்டுக்கு வழி காட்டினார். இச்செய்தியைப் பின்னர் ஆங்கிலத்தில் எழுதிய லவ்காடியோ ஹேர்ன், கதைச்சுவைக்காகச் சிறிது மாற்றினார்; அது யப்பானியப் பாடப்புத்தகத்திலும் ஏறிற்று. அதை ஆசிரியர்கள் எவ்வாறு கற்பிக்க வேண்டுமென்று விளக்கம் எழுதியவர் இமமுரா.

ஹமகுச்சி செய்ததில் எனக்கு வைக்கோற் போரைவிட அணையே பெரிதாய்ப்பட்டது. வீடிழந்த மக்கள் ஊரைவிட்டுப் போகாதிருக்கக் கூலி கொடுத்து, நான்கு ஆண்டு வேலை செய்வித்து, 600 மீற்றர் நீளமும் 5 மீற்றர் உயரமுமான மண்ணணையைத் தம் பணத்தாற் கட்டுவித்தார். கடற்புறத்தில் தேவதாரு இனத்துப் பைன் மரங்கள் நட்டனர். கட்டியவர் கண்டதில்லை, 88 ஆண்டு கழித்து, 1946இல் வந்த அலையை அந்த அணை தடுத்தது. அதன் மறைவிலிருந்த ஊர்ப்பகுதி தப்பியது. மறைவுக்கு அப்பாலிருந்தோர் சிலர் மாண்டனர்.

அணையின்மேல் நின்று கடலைப் பார்த்தபோது 2004 டிசம்பர் 26ஐ நினையாதிருக்க இயலுமா? சுமாத்திரா நடுக்கத்தின் அலை நான்கு நிமிடம் அளவில் நம் பல்லேகலையிலுள்ள கருவியை அடைந்து தன்னைப் பதிந்துகொண்டது. கடல் கீழ்க்கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணிநேரம் சென்றது. கருவி எழுதியதைப் படித்து முல்லைத்தீவுக்கும் கல்முனைக்கும் சொல்ல அன்று ஓர் ஒழுங்கும் இருக்கவில்லை. 35,000 பேருக்கு மேல் இலங்கையில் இழந்தோம். வற்றிய கடலை வேடிக்கை பார்க்கச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர்!

யப்பானிலும் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2024 ஓகஸ்ட் 8ஆந் திகதி கியூசூத் தீவின் கரையருகே 7.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அன்று மாலையே வானிலை அலுவலகம், நங்காய்ப் பள்ளத்திற் பேரதிர்ச்சி நிகழும் வாய்ப்பு வழக்கத்தினும் கூடியிருப்பதாக முதன்முறையாக அறிவித்தது. வருமென்று கூறவில்லை, வாராதென்றும் கூறவில்லை, ஒரு வாரம் விழிப்பாயிருங்கள், வழமையான வேலையைச் செய்யுங்கள் என்றது. கடற்குளியற் கரைகள் சில மூடப்பட்டன. விரைவு வண்டிகள் சில இடங்களில் மெதுவாக ஓடின. பிரதமர் வெளிநாட்டுப் பயணத்தைக் கைவிட்டார். கடைகளிற் போத்தல் நீர் தீர்ந்தது. வாரம் கழிந்தது, பேரதிர்ச்சி வரவில்லை, 15ஆந் திகதி அறிவித்தல் நீக்கப்பட்டது. வீண் பீதி என்றனர் சிலர். இருவரும் உயிரோடிருந்தால் ஓமோரியும் இமமுராவும் அவ்வறிவித்தலின் வாசகத்தைக் கூடியிருந்து திருத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகின்றது.

ஹிரோகவாவில் நவம்பர் மாதத்தில் சுனாமி விழா நடைபெறும். 1903 முதல் நடந்துவருவது. ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5ஆந் திகதியை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக 2015இல் தெரிந்தெடுத்ததும் இவ்வூரின் கதையை முன்னிட்டே. விழாவில் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் மண் சுமந்து அணையின்மேல் ஏறி, கரைந்த இடங்களிற் கொட்டி மிதித்து இறுக்குகின்றனர்.